உப்பும் உதிரமும்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்றொரு சாலை இருக்கிறது. அதன் எந்த முனையில் நின்று பார்த்தாலும் ஏரி தென்படாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய நீர்ப்பரப்பு 1920களில் தொடங்கித் தூர்க்கப்பட்டு, அதன்மேல் தியாகராய நகர் எழுந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் புறம் இருந்த எங்களுக்கு ஏரி போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. இப்பகுதியின் பழைய நோய்களும் நீரைச் சார்ந்தவையே. கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் மாம்பலம் பெயர் பெற்றிருந்தது பழைய சென்னைவாசிகளுக்கு நினைவிருக்கும். எம்.சி.சுப்பிரமணியம் 1953இல் இங்கே பப்ளிக் ஹெல்த் சென்டரை நிறுவிய காலத்து நோய்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. வீங்கிய கால், காய்ச்சல், இருமல். இன்று நம்மைப் பற்றியிருக்கும் நோய்க்கு முகமில்லை. அதற்கு இருப்பது ஓர் எண் மட்டும்.

சென்ற ஆண்டின் இறுதியில் எங்கள் தெருமுனையில் நடந்த இலவச முகாமில், காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு விளையாட்டுப்போலக் கையை நீட்டினேன். 148/94. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து மீண்டும் பார்த்தார்கள். 146/92. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் எண் பெரிதாக மாறவில்லை. மருத்துவர் இளம்பெண், என் மாணவியரின் வயதுதான் இருக்கும். “லேசான உயர்வுதான் மேடம். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் சரியாக இருக்கிறது. மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் பார்க்கலாம். உப்பைக் குறையுங்கள், நடங்கள், நாலைந்து கிலோ எடை குறையட்டும். வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் இருவரும் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டோம். ஆனால் இருவருமே அவரைப் பற்றிப் பேசவில்லை.

அப்பா அரசாங்கக் கணக்குத் தணிக்கைப் பிரிவில் எழுத்தராக இருந்தவர். 1990இல் அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாண்டுகள் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஒருநாள் 130/80 என்று வந்ததும், நோய் போய்விட்டது என்று தாமே தீர்ப்பெழுதி மாத்திரையை நிறுத்திவிட்டார். புகையில்லை, மதுவில்லை, மாமிசமில்லை; ஏகாதசி தவறாதவர். “எனக்கு எதுக்கு பிரஷர் வரணும்?” என்பது அவர் கேள்வி. காப்பியை ஒருவேளையாகக் குறைத்தார், மூச்சுப்பயிற்சி செய்தார். ஆனால் அதன்பின் அழுத்தத்தை ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. 1998 மார்கழியில் ஒரு விடியற்காலையில் வலக்கையில் பிடித்த காப்பித் தம்ளர் நழுவி விழுந்தது. பக்கவாதம். அதற்குப் பின் நான்காண்டுகள் இருந்தார்.

அப்பாவைக் கைவிட்டது பத்தியமா, அல்லது வேறொன்றா? எனக்கு மூன்று மாத அவகாசம் கிடைத்தபோது இந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. இக்கட்டுரை அதற்கு விடைதேடிப் படித்ததன் விளைவு.

*

இரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண்குதிரையின் நாளத்தில் கண்ணாடிக் குழாயைச் செருகினார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் அதை நூலாக வெளியிட்டார். மனிதரிடம் இந்தச் சோதனையைச் செய்ய இயலாதல்லவா? கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்துப் பாதரசத்தால் அளக்கும் எளிய கருவியை இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896இல் அமைத்தார். ரஷ்ய மருத்துவரான கொரோட்கோவ், முழங்கை மடிப்பில் குழலை வைத்து ஒலி கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரித்தறியும் முறையை 1905இல் சொன்னார். ஆக, நாம் அன்றாடம் பேசும் ‘பி.பி.’க்கு வயது ஏறக்குறைய 120 ஆண்டுகள்தான். நாடி பிடித்துப் பார்த்த நம் பழைய மருத்துவர்கள் கூர்மையானவர்கள். ஆயினும் இந்த எண் அவர்களிடம் இருக்கவில்லை.

எண் கிடைத்த பிறகும், அது எப்போது நோய் என்பதில் மருத்துவ உலகம் நெடுநாள் தடுமாறியது. வயது ஏற ஏற நாளங்கள் தடிக்கும், இரத்தத்தைத் தள்ளுவதற்கு அந்தக் கூடுதல் அழுத்தம் தேவைதான் என்று பலரும் நம்பினார்கள். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். உலகிலேயே மிகச் சிறந்த மருத்துவம் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் கொடுக்க அன்று தக்க மருந்து இல்லை.

பயன்தந்த முதல் மருந்துகளில் ஒன்று நம் மண்ணிலிருந்தே போனது என்பது நண்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. சர்ப்பகந்தா என்னும் வேர் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதைக் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய வங்காளிகள் 1931இல் எழுதினார்கள். பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் தம் அனுபவத்தை வெளியிட்ட பிறகே மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கை வேறு, மாத்திரை வேறு என்று அப்பா கோடு கிழித்திருந்தார். அந்தக் கோட்டை வரலாறு அவ்வளவு நேராகக் கிழிக்கவில்லை.

*

மருந்துக்கு முந்தைய காலத்தில் இந்நோயோடு வாழ்ந்தவர்களுள் நமக்கு மிகவும் அறிமுகமானவர் காந்தி. 1935 டிசம்பரில் அவருக்கு அழுத்தம் ஏறி உடல் தளர்ந்தது. வாரக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. 1937இல் 194/130, 1940இல் 220/110 என்று அவருடைய அளவுகள் பதிவாகியிருப்பதை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் வெளியிட்ட நூலிலிருந்து அறிகிறோம். 1939இல் அவர் எடை 46.7 கிலோ. அவரளவுக்கு நடந்தவர் எவருமில்லை. மது, புகை, மாமிசம் எதுவுமில்லை.

உப்போடு அவருக்கிருந்த உறவு இன்னும் விந்தையானது. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா நோயுற்றிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தி வற்புறுத்தினார். உங்களிடம் சொன்னால் நீங்களும்தான் விடமாட்டீர்கள் என்றார் கஸ்தூரிபா. அந்தக் கணமே ஓராண்டுக்கு இரண்டையும் விட்டுவிட்டதாகக் காந்தி அறிவித்தார். தன் சொல்லால் இப்படி ஆயிற்றே என்று அந்த அம்மையார் அழுததையும் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். தாமே உப்பை வேண்டாமென்று வைத்துப் பழகிய மனிதர், பிறகு 1930இல், அந்த உப்புக்காகவே தண்டிக்கு நடந்தார்.

காந்தியின் எண்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்குள் ஏதோ தளர்ந்தது. இத்தனை கட்டுப்பாட்டோடு வாழ்ந்தவருக்கே 220 வந்திருக்கிறது. அப்படியானால் இது ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனை அன்று. ஒழுக்கத்துக்கு வைத்த பரிசாக இது விலகிவிடப் போவதும் இல்லை. மரபு, வயது, நாளங்களின் இயல்பு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. அப்பா தம் வாழ்க்கைமுறையை ஓர் அறநெறிச் சான்றிதழாக வைத்துக்கொண்டார். சான்றிதழ் கையிலிருந்ததால் அளக்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்.

*

இனி உப்பு.

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் உமணரைப் பற்றிப் பேச நேர்கிறது. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு உள்நாட்டுக்கு நெடும்பயணம் போனவர்கள். உப்பும் நெல்லும் சம அளவில் மாற்றப்பட்டதை அகநானூறு காட்டுகிறது. ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு என்றால் அதன் அருமை எத்தகையது என்று மாணவியரிடம் கேட்பேன். வண்டியின் அச்சு முறிந்தால் ஊருக்கு உப்பில்லை என்ற உலகம் அது. வள்ளுவரும் ஊடலுக்கு உப்பையே உவமையாக்கினார்: அளவாக இருந்தால் சுவை, சற்றுக் கூடினாலும் கேடு. அந்தக் குறள் காமத்துப்பாலில் இருப்பதால் மருத்துவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

வெயிலில் உழைப்பவனுக்கு வியர்வையில் உப்புப் போகும். ஆகவே உப்பின் மீதான வரி ஏழையின் உடல்மீதான வரி என்பதே 1930இன் வாதம். அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு 150 மைல் நடந்து, 30ஆம் தேதி சட்டத்தை மீறி உப்பெடுத்தார். அந்த யாத்திரை கிளம்பியது டி.எஸ்.எஸ்.ராஜன் என்ற மருத்துவரின் வீட்டிலிருந்து. அவரே 1937இல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சரானார். உப்புக்காகச் சிறை செல்லத் துணிந்த அத்தலைமுறையின் நியாயத்தில் பிழையேதுமில்லை. 1947இல் வரியும் நீங்கியது.

அதன்பின் நடந்ததை யாரும் வரலாறாக எழுதவில்லை. தஞ்சை, கும்பகோணம், பாலக்காட்டுப் பக்கங்களிலிருந்து குடும்பங்கள் இந்தப் பேட்டைக்கு வந்து சேர்ந்தன. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிய மின்ரயிலில் ஏறி, கோட்டையிலும் பாரிமுனையிலும் நாற்காலியில் அமர்ந்து எழுதும் வேலைக்குப் போனார்கள். கைகால் உழைப்பு குறைந்தது. ஆனால் சமையலறை மாறவில்லை. கோடையில் வடாம், அப்பளம், மோர்மிளகாய், மாவடு, மழைக்காலத்துக்கு நாரத்தங்காய். வெயிலில் காயவைத்து உப்பில் ஊறவைப்பது, காய்கறி கிடைக்காத நாட்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட அறிவு. இன்று காய்கறி ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஊறுகாயும் ஆண்டு முழுவதும் தட்டில் இருக்கிறது. அதற்குமேல் கடை மிக்சரும் பிஸ்கட்டும் ரொட்டியும் வந்து சேர்ந்தன. ஏரி போனபின்னும் பெயர் நிற்பதைப் போல, உழைப்பு போனபின்னும் உப்பு நின்றுவிட்டது.

இது வெறும் ஊகமன்று. சென்னையில் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. அதன்படி நகரவாசி ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 8.5 கிராம் உப்பு உண்டார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதிகம் உப்பு உண்டவர்களிடையே உயர் அழுத்தமும் அதிகம் காணப்பட்டது.

*

உப்பைக் குறைத்தால் அழுத்தம் குறையும் என்பதைத் துணிந்து காட்டியவர்களில் வால்டர் கெம்ப்னர் முக்கியமானவர். ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய யூத மருத்துவர். அவர் கொடுத்த பத்தியம் நமக்கு வியப்பூட்டுவது: சோறும் பழமும் சர்க்கரையும். உப்பு அறவே இல்லை. இரண்டு வாரத்தில் திரும்பி வரச் சொன்ன ஒரு நோயாளி, அவருடைய ஜெர்மன் உச்சரிப்பைத் தவறாக விளங்கிக்கொண்டு இரண்டு மாதம் அப்பத்தியத்திலேயே இருந்துவிட்டு, வியக்கத்தக்க நலத்தோடு வந்தார் என்பது பலரும் சொல்லும் கதை. ஆனால் அந்தக் கடுமையை வாழ்நாள் முழுவதும் யாரால் தாங்க முடியும்? நம் ஊரில் அதைத் தாங்குபவர் ஒருவர் உண்டு: கும்பகோணத்துக்கு அருகே திருநாகேசுவரத்துப் பெருமாள். ஒப்பில்லாதவர் என்ற பொருளில் ஒப்பிலியப்பன். மக்கள் வாயில் உப்பிலியப்பன் ஆகி, இன்றும் உப்பில்லாத பிரசாதத்தையே ஏற்கிறார். மண்மகளான சிறுமிக்கு உப்பிட்டுச் சமைக்கத் தெரியாது என்று தந்தை தயங்கியபோது, அதுவே போதும் என்று பெருமாள் சொன்னதாகத் தலபுராணம்.

தெய்வத்துக்கு முடிவது மனிதருக்கு எளிதன்று என்பதால்தான் பின்வந்த ஆய்வுகள் அளவை நோக்கித் திரும்பின. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு, காய்கறியும் பழமும் கொழுப்பு குறைந்த பாலும் மிகுந்த உணவோடு உப்பையும் படிப்படியாகக் குறைத்தால் அழுத்தம் படிப்படியாகவே இறங்குவதைக் காட்டியது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண்ணில் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். முறையான நடைப்பயிற்சி ஐந்து முதல் எட்டு வரை இறக்கும் என்பது இன்றைய மருத்துவக் கணிப்பு. யோகத்தையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. பம்பாயில் கே.கே.தாத்தேயும் அவர் குழுவினரும் சவாசனத்தின் பயனைப் பற்றி 1969இல் எழுதினார்கள். இங்கிலாந்தின் கிராய்டனில் மருத்துவராக இருந்த சந்திரா படேல் தளர்வுப் பயிற்சியின் பயனை 1973இல் லான்செட் இதழில் வெளியிட்டார். அப்பாவின் மூச்சுப்பயிற்சி வீணானது என்று நான் சொல்லமாட்டேன். அது போதுமா என்று அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

லேசான உயர்வுக்கு உடனே மாத்திரை தேவையா என்ற கேள்வியும் பழையதே. பிரிட்டனில் 17,354 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 1985இல் வெளிவந்தது: லேசான உயர்வுள்ள 850 பேருக்கு ஓராண்டு மாத்திரை கொடுத்தால் ஒரு பக்கவாதம் தவிர்க்கப்படும். இந்த எண்ணை நான் இருமுறை படித்தேன். 849 பேருக்கு அந்த ஆண்டில் மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் வேறுபாடில்லை. எஞ்சிய ஒருவர் யார் என்பது முன்கூட்டி எவருக்கும் தெரியாது. அந்த ஒருவர் சிலருக்கு அப்பாவாக இருப்பார். ஆகவேதான் லேசான உயர்வுக்கு மூன்று மாதம் வாழ்க்கைமுறை, அதன்பின் மறு அளவு, தேவையானால் மாத்திரை என்ற ஒழுங்கை மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு இந்த அவகாசம் இல்லை. பத்தியமும் மாத்திரையும் எதிரிகள் அல்ல. எது எப்போது என்பதை அளவு சொல்லும்.

அளவைக் கொண்டு போய்ச் சேர்ப்பதே ஒரு மருத்துவப் பணி என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் 1990களின் இறுதியில் சென்னையை அடுத்த கிராமங்களில் வீடு வீடாகச் சென்று அழுத்தம் பார்த்து, மலிவான மாத்திரைகளைத் தந்தது. அவற்றுள் ஒன்று நம் சர்ப்பகந்தாவின் ரெசர்பின். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த எண்ணத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தது எனலாம்.

*

என் மூன்று மாதங்களில் வீரம் ஒன்றுமில்லை. முதலில் செய்தது அளந்ததுதான். மூவருக்குச் சமைக்கும் எங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது என்று பையின்மேல் தேதி எழுதிவைத்தேன். ஒரு மாதம் முழுதாக வரவில்லை. அதில் ஊறுகாயும் அப்பளமும் கடைத்தின்பண்டமும் சேரவில்லை. ‘வாழ்க்கைமுறை மாற்றம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நடப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையில், அடுப்படியில். கணவர் முதல் வாரம் முகத்தைச் சுளித்தார். அம்மாவோ ரசத்தை ஒருவாய் குடித்துவிட்டு, “உப்பு போட மறந்துட்டியா?” என்றாள்.

“மறக்கலைம்மா. குறைச்சிருக்கேன்.”

“அவருக்கு இதை யாரும் சொல்லலையே” என்றாள். அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி அன்று முதன்முறையாகப் பேசினோம்.

உப்பை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரவாரம் சிறிது சிறிதாகக் குறைத்ததில், நாக்கு இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. எலுமிச்சை, மிளகு, சீரகம், பெருங்காயம் எல்லாம் முன்பைவிட உரக்கப் பேசுகின்றன. சோடியம் குறைந்த மாற்று உப்பை உலக சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்திருக்கிறது. அதில் பொட்டாசியம் கலந்திருப்பதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து. அம்மாவின் வயதை எண்ணி நான் வாங்கவில்லை. காலையில் நாற்பது நிமிட நடை. எடை மூன்று கிலோ குறைந்தது. நேற்றைய அளவு 134/84. மருத்துவர் தொடரச் சொல்லியிருக்கிறார். ஏறினால் மாத்திரை என்றும் சொல்லியிருக்கிறார். சரி என்றேன்.

அப்பாவின் பழைய வீட்டுக்கணக்கு நோட்டுகள் பரணில் இருக்கின்றன. 1992 நோட்டை எடுத்துப் பார்த்தேன். பால், அரிசி, சீசன் டிக்கெட், கல் உப்பு என்று பைசா பிசகாமல் எழுதியிருக்கிறார். ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்தவர். அந்த நோட்டுகளில் எங்கேயாவது அவர் கையால் இரத்த அழுத்தத்தின் அளவு ஒன்றேனும் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இல்லை. கடைசி நோட்டில் எழுதாத பக்கங்கள் நிறைய இருந்தன. இப்போது அவற்றில்தான் என் எண்களை எழுதிவருகிறேன்.